அஞ்சு செகண்டு ஷாட்டுக்கு ரெண்டு மாசம்: கேரக்டர் அனிமேஷன் கத்துக்கிட்ட கதை

#1 ஒத்தைப்பனை

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வந்து படிச்சுட்டு போறவன், எழுதுறது இதான் முதல் தடவ. கேரக்டர் அனிமேஷன் கத்துக்க ஆரம்பிச்சு பதினோரு மாசம் ஆகுது. போன வாரம் ஒரு ஷாட் முடிச்சேன், மொத்தம் 118 ஃபிரேம், அஞ்சு செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு அக்கா குனிஞ்சு தண்ணிக் குடத்த தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நிமிர்றாங்க, அவ்வளவுதான் ஷாட். இதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ஒன்பது மாசத்துல புரியாதது இந்த ரெண்டு மாசத்துல தான் புரிஞ்சது, என்ன மாதிரி தனியா உக்காந்து கத்துக்கிறவங்க யாருக்காவது உதவும்னு தான் எழுதுறேன்.

பிளஸ் டூ முடிச்சதும் சென்னைல ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்ல சேந்தேன், பேரு வேணாம். ஃபீஸ் கட்ட அப்பா சொசைட்டில லோன் போட்டாங்க. மொத ஆறு மாசம் மாடலிங், டெக்ஸ்சரிங், லைட்டிங்னே போச்சு, அனிமேஷனுக்கு குடுத்தது மொத்தமே மூணு வாரம், அதுலயும் சார் ரெண்டு பேரு மாறிட்டாங்க. எஸ் அழுத்துனா கீ (இந்த ஃபிரேம்ல போஸ் இப்பிடி இருக்கணும்னு போடுற குறி) விழும், கிராஃப் எடிட்டர் இந்த மெனுல இருக்கும், இதான் பாடம். டிஸ்னில ஆயுசு பூரா வேல பாத்த ரெண்டு பெரியவங்க 1981ல எழுதி வச்ச பன்னெண்டு பிரின்சிபிள்ஸ் இருக்குல்ல, ஸ்க்வாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச்சுல ஆரம்பிச்சு அப்பீல்ல முடியுமே, அத அப்பிடியே போர்டுல எழுதிப் போட்டு பாத்து எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. எனக்கு அந்த இடத்து மேல கோபம் இருக்கு, அத மறைக்க விரும்பல. அப்பா இன்னும் அந்த லோன கட்டிட்டு இருக்காங்க.

அப்புறம் ரூம்ல உக்காந்து பிளெண்டர்ங்கிற இலவச 3டி சாஃப்ட்வேர்ல நானா ஆரம்பிச்சேன், எட்டு ஜிபி ரேம் லேப்டாப்ல ஓடுறது அதான். பந்து எகிறுறது, வால் வச்ச பந்து, பெண்டுலம், மாவு மூட்டை, வாக் சைக்கிள்னு வரிசையா பண்ணேன். எல்லாம் பரவால்லன்னு நினைச்சுட்டு இருந்தப்ப, நம்ம ரிக்கர்_கோவை அண்ணன் போன வருஷம் இங்க சும்மா குடுத்தாங்களே சேலை கட்டுன அக்கா ரிக் (அசைக்கிறதுக்கு உள்ள எலும்பும் கண்ட்ரோலும் வச்ச 3டி பொம்மை), அத எடுத்து இந்தக் குடம் ஷாட்ட ஆரம்பிச்சேன். ஒரு வாரத்துல முடிச்சு ரெண்டர் போட்டு ரூம்மேட்கிட்ட காட்டினேன். அவன் எலக்ட்ரிக்கல் படிக்கிறவன், அனிமேஷன் பத்தி ஒண்ணும் தெரியாது. பாத்துட்டு ஒரே கேள்வி தான் கேட்டான், "குடம் காலியா?"

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஏன்னா அவன் சொன்னது சரி. குடத்துல தண்ணி இருக்குன்னு நான் மாடல் பண்ணி வச்சிருக்கேன், பாக்குறவனுக்கு அது தெரியல.

லீவுக்கு ஊருக்கு போனப்ப, அருப்புக்கோட்டை பக்கம், அம்மாவ தண்ணி பிடிக்கிற இடத்துல வச்சு போன்ல வீடியோ எடுத்தேன், பக்கவாட்டுல ஒண்ணு, நேரா ஒண்ணு. பதினஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் குடம், கழுத்து வரைக்கும் தண்ணி. மூணு தடவ தூக்கச் சொன்னேன், மூணாவது தடவ திட்டிக்கிட்டே தூக்குனாங்க. அந்த வீடியோவ ஒவ்வொரு ஃபிரேமா நகத்தி பாத்தப்ப தான் எனக்கு வயித்த என்னமோ பண்ணிச்சு. இருபது வருஷமா அம்மா குடம் தூக்குறத பாத்துருக்கேன், ஒரு நாளும் பாக்கல.

கை குடத்து கழுத்த பிடிச்சதுக்கு அப்புறம் ஏழு ஃபிரேம் குடம் அசையவே இல்ல. அந்த ஏழு ஃபிரேம்ல அம்மா உடம்பு தான் வேல செய்யுது, முழங்கை நேராகுது, வலது தோள் கீழ இறங்குது, இடுப்பு பின்னாடி போய் குடத்துக்கு எதிர்ப்பக்கம் பாரத்த வாங்குது, கழுத்து நரம்பு தெரியுது. அதுக்கப்புறம் தான் குடம் தரைய விட்டு கிளம்புது. நேரா இடுப்புக்கும் போகல, மொதல்ல தொடை மேல ஒரு நொடி உக்காருது, அங்க ஒரு மூச்சு, அப்புறம் இடுப்ப ஒரு வெட்டு வெட்டி குடத்த மேல வாங்குறாங்க, அதே நேரத்துல இடது கை தானா வெளிய விரியுது, தலை இடது பக்கம் சாயுது. என் ஷாட்ல கை, குடம், இடுப்பு மூணும் 20ஆவது ஃபிரேம்ல ஒண்ணா கிளம்பி 44ல ஒண்ணா நின்னுச்சு. பாரம் எப்பிடி தெரியும்?

பாரம் குடத்துல இல்ல, குடம் அசையுறதுக்கு முன்னாடி உடம்பு என்ன செய்யுதுங்கிறதுல இருக்கு. இத எனக்கு யாரும் சொல்லல.

#2 மஞ்சப்பை

தம்பி இத படிச்சுட்டு எங்க வீட்டு அடுப்படில போய் நின்னு பாத்தேன், என் வீட்டுக்காரம்மா கிரைண்டர் கல்ல தூக்குறாங்க, அதே தான், கை பிடிச்ச பிறகு ஒரு நொடி ஒண்ணும் நடக்கல, அப்புறம் தான் கல் வருது. நான் அனிமேஷன் ஆள் இல்ல, சும்மா படிக்க வந்தேன். தொடர்ந்து எழுதுங்க.

#3 பழைய_பென்சில்

தம்பி, படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்.

நான் 98ல சென்னைல ஒரு 2டி ஸ்டூடியோல இன்பிட்வீனரா சேந்தவன். வெளிநாட்டு டிவி சீரியலுக்கு வேல வரும், கீ டிராயிங் அங்க இருந்து வந்துரும், நடுவுல வர்றத நாங்க போடணும். லைட் பாக்ஸ், பெக் பார், எக்ஸ்போஷர் ஷீட், விரலுக்கு நடுவுல அஞ்சு பேப்பர சொருகி புரட்டி புரட்டி பாப்போம். செகண்டுக்கு 24 ஃபிரேம், பெரும்பாலும் ஒரு படம் ரெண்டு ஃபிரேம் நிக்கும், அப்ப செகண்டுக்கு 12 படம். முதல் ஆறு மாசம் எங்க சீனியர் எனக்கு கேரக்டரே குடுக்கல. கொடி ஆடுறது, புகை, தண்ணி சொட்டுறது, இதே தான். அப்ப எரிச்சலா இருக்கும், இப்ப நினைச்சா அவர் கால்ல விழணும் போல இருக்கு.

டைமிங் வேற ஸ்பேசிங் வேற, இது ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க தான் முக்காவாசி பேரு. இங்க இருந்து அங்க போக எத்தன ஃபிரேம்ங்கிறது டைமிங். அந்த ஃபிரேமுக்குள்ள படங்கள எங்கெங்க வைக்கிறங்கிறது ஸ்பேசிங். ஒரே 12 ஃபிரேம், படங்கள ஆரம்பத்துல நெருக்கமா வச்சா கனமா கிளம்பும், முடிவுல நெருக்கமா வச்சா மெதுவா வந்து நிக்கும், சமமா வச்சா மெஷின் மாதிரி போகும். நீ சொன்ன அந்த ஏழு ஃபிரேம் இருக்கே, பேப்பர்ல அத நாங்க கிட்டத்தட்ட ஒரே படத்த மேல மேல வரைஞ்சு கொண்டு வருவோம், பென்சில் கோடு ஒரு மயிரிழை நகரும். கம்ப்யூட்டர்ல ரெண்டு கீக்கு நடுவுல அதுவா போடுற வளைவு, ஸ்ப்லைன், அந்த மயிரிழைய தின்னுரும், அதான் மிதக்குற மாதிரி ஆகுறது.

3டிக்கு பழைய விதி எதுக்குன்னு கேக்குற பசங்கள நிறைய பாத்துட்டேன். 1987லயே பிக்சர் ஸ்டூடியோ ஜான் லாசெட்டர் சிக்ராஃப்ங்கிற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டுல இந்த பிரின்சிபிள்ஸ ஒவ்வொண்ணா எடுத்து கம்ப்யூட்டர் அனிமேஷன்ல எப்பிடி வரும்னு கட்டுரை எழுதி வச்சுட்டாரு. நம்ம நாட்டுக் கதையும் கை மாறி வந்தது தான். 1956ல பம்பாய்ல அரசாங்கத்தோட ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவுக்கு கிளேர் வீக்ஸ்னு டிஸ்னில வேல பாத்தவர் வந்து பயிற்சி குடுத்தாரு, அங்க கத்துக்கிட்டவர் தான் ராம் மோகன், அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க எத்தனையோ பேரு. ஒருத்தர் பக்கத்துல உக்காந்து "இந்தக் கோட்ட கொஞ்சம் இறக்கு"ன்னு சொல்லாம இது வராதுப்பா. உனக்கு அந்த ஆள் கிடைக்கல, ஆனா உங்க அம்மா கிடைச்சாங்க.

வீடியோவ போடு, பாத்து சொல்றேன்.

#4 பைட்_பாண்டி

நல்லா எழுதியிருக்கீங்க ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சந்தேகம். மோஷன் கேப்சர் (மோகேப், ஆளோட அசைவ அப்பிடியே பதிவு பண்றது) சூட் போட்டு ஒருத்தர குடம் தூக்க வச்சா அஞ்சு நிமிஷ வேல. கோச்சடையான் 2014லயே மோகேப்ல தானே பண்ணாங்க. இப்ப ஏஐல வீடியோவ குடுத்தாலே உடம்பு அசைவ எடுத்துக் குடுத்துருது. ரெண்டு மாசம் இதுக்கு செலவழிக்கிறது சரியா? குடும்பத்துல லோன் வேற இருக்குன்னு சொல்றீங்க, அதான் கேக்குறேன்.

#5 ஒத்தைப்பனை

பென்சில் ஐயா, நீங்க எழுதுனத பிரிண்ட் எடுத்து ரூம் சுவத்துல ஒட்டிட்டேன். லிங்க் போட்டுருக்கேன் பாருங்க.

பாண்டி ப்ரோ, தப்பா எடுத்துக்கல, இந்தக் கேள்விய நானே எனக்கு கேட்டுருக்கேன், வீட்டுலயும் கேக்குறாங்க. நான் அத முயற்சி பண்ணியும் பாத்தேன், அம்மா வீடியோவ அப்பிடி ஒரு டூல்ல குடுத்தேன். வந்தது பாதி சரி. இடுப்பு, தோள் எல்லாம் ஓரளவு வந்துச்சு, ஆனா கால் தரைல வழுக்கிக்கிட்டே போச்சு, குடம் உடம்ப மறைக்கிற இடத்துல வலது கை எங்க இருக்குன்னு அதுக்கு தெரியல, விரல் சுத்தமா இல்ல. ஒவ்வொரு ஃபிரேம்லயும் கீ இருக்கு, 118 ஃபிரேம்க்கு எல்லா கண்ட்ரோல்லயும் கீ, அத சரி பண்ண உக்காந்தா எந்த கீ முக்கியம் எது குப்பைன்னு தெரியணும், அது தெரிஞ்சவன் தான் அனிமேட்டர். மோகேப் எடுக்குற ஸ்டூடியோலயும் அத உக்காந்து கிளீன் பண்றது அனிமேட்டருங்க தானே. குடத்துக்கு கீழ கை எப்ப போகணும்னு எனக்கு தெரிஞ்சா நான் எந்த டூல வச்சும் வேல பாத்துக்குவேன்னு நம்புறேன். வேல கிடைக்குமான்னு எனக்கும் பயம் இருக்கு. ஆனா தெரியாம இருந்தா கண்டிப்பா கிடைக்காது.

இன்னொரு விஷயம், இது புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப முக்கியம், எனக்கு மூணு வாரம் வீணாப் போச்சு. அம்மா வீடியோவ அப்பிடியே பிளெண்டர்ல பின்னாடி வச்சு, ஃபிரேமுக்கு ஃபிரேம் பாத்து போஸ் வச்சேன். பிளாக்கிங், அதாவது முக்கியமான போஸ் வைக்கிறத முடிச்சு ஓட்டிப் பாத்தா எல்லாம் சரியா இருந்தும் அம்மா தண்ணிக்குள்ள நின்னு தூக்குற மாதிரி மெதுவா இருக்கு. கிராஃப் எடிட்டர்ல அசைவ கோடா காட்டுற கர்வ் எல்லாத்தையும் பிடிச்சு இழுத்து பாத்தேன், ஹேண்டில் எல்லாம் மாத்துனேன், ஒண்ணும் சரியாகல. கடைசில பாத்தா, என் போன் எடுத்தது செகண்டுக்கு 30 ஃபிரேம், என் சீன் 24. வீடியோவோட ஒரு ஃபிரேமுக்கு சீன்ல ஒரு ஃபிரேம்னு போயிட்டே இருந்துருக்கு. அப்ப அம்மா ஒரு செகண்டுல செஞ்சது என் சீன்ல 1.25 செகண்டு. கால்வாசி நேரம் கூட! இது போக போன் வீடியோல ஃபிரேம் ரேட் ஒரே சீரா இருக்காது, வெளிச்சம் கம்மியானா தானா மாறும். ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல 24, கான்ஸ்டன்ட்னு வச்சு மாத்திட்டு அப்புறம் ஆரம்பிங்க. நான் மேல ஏழு ஃபிரேம்னு சொன்னது மாத்துனதுக்கு அப்புறம் எண்ணுனது.

#6 வாத்தியார்_ஃபிசிக்ஸ்

நான் பள்ளிக்கூடத்துல இயற்பியல் எடுக்கிறவன், எங்க வீட்டுப் பொண்ணு அனிமேஷன் படிக்குது, அவளுக்கு பந்து பயிற்சில உதவப்போய் எனக்கே இதுல ஆர்வம் வந்துருச்சு. ஒத்தைப்பனை பந்து பத்தி ஒரு வரில தாண்டிப் போயிட்டாரு, எனக்கு அது போதல, மன்னிச்சுக்கோங்க.

1 மீட்டர் உயரத்துல இருந்து விட்ட பந்து தரைக்கு வர 0.45 செகண்டு. 24ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 11 ஃபிரேம். 10 மீட்டர் தென்னைல இருந்து தேங்காய் விழுந்தா 34 ஃபிரேம். பாருங்க, உயரம் பத்து மடங்கு, நேரம் மூணு மடங்கு தான். எங்க பொண்ணு யானை சைஸ் பந்த பண்ணி 11 ஃபிரேம்ல கீழ போட்டுட்டா, பாத்தா கோலிக்குண்டு மாதிரி இருக்கு, ஏன்னா கண்ணு அந்த நேரத்த வச்சு தான் சைஸ கணக்கு போடுது.

அதே மாதிரி எகிறும்போது, பந்து பாதி உயரம் தான் எழும்புதுன்னா நேரமும் பாதின்னு பசங்க வச்சுடுறாங்க. இல்ல, நேரம் 70 சதவீதத்துக்கு தான் குறையும். 1 மீட்டருக்கு 11 ஃபிரேம்னா அரை மீட்டருக்கு 8, கால் மீட்டருக்கு 5 இல்ல 6. ஸ்பேசிங்குக்கும் கணக்கு இருக்கு, சம நேரத்துல விழுற தூரம் 1, 3, 5, 7ன்னு ஒத்தப்படையா கூடிக்கிட்டே போகும். பொண்ணு இத ஒரு ஸ்கேல்ல குறிச்சு மானிட்டர் மேல ஒட்டி வச்சு பண்ணா, அதுக்கு அப்புறம் அவ பந்து பந்தா விழுது. பிளஸ் ஒன்ல நான் வருஷா வருஷம் எடுக்குற பாடம் இது, போர்டுல சமன்பாடா எழுதிட்டு போயிட்டே இருந்தேன், இனிமே பந்த காட்டி தான் எடுக்கப் போறேன்.

#7 ரிக்கர்_கோவை

ஒத்தைப்பனை, ரிக் உபயோகமா இருந்ததுல சந்தோஷம் கண்ணு. உங்க ஷாட் பாத்தேனுங்க, தொடைல இருந்து இடுப்புக்கு குடம் போற இடத்துல, 71, 72ஆவது ஃபிரேம் பக்கம், வலது மணிக்கட்டு ஒரு பல்டி அடிக்குது பாத்தீங்களா, ஒரு ஃபிரேம் தான், ஆனா கண்ணுல படுது.

அது கிம்பல் லாக். எக்ஸ், ஒய், இசட்னு மூணு அச்சும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி தான் சுத்தும். நடுவுல இருக்குற அச்சு 90 டிகிரிக்கு போனா மத்த ரெண்டும் ஒரே கோட்டுல வந்து நின்னுக்கும், அப்ப ஒரு பக்கம் சுத்தவே வழி இருக்காது, கம்ப்யூட்டர் வேற வழியா சுத்தி வரும், அதான் பல்டி. எந்த அச்சுல கம்மியா சுத்துறீங்களோ அத நடுவுல வர்ற மாதிரி ரொட்டேஷன் ஆர்டர மாத்தி வச்சுட்டு அனிமேஷன் ஆரம்பிங்க. பாதில மாத்துனா வச்ச கீ எல்லாம் கலைஞ்சுரும், ஆரம்பத்துலயே மாத்தோணும்.

இன்னொண்ணு, நீங்க தரைல இருக்கிறப்ப குடத்த கைக்கு பேரண்ட் பண்ணி (கை போற பக்கம் குடமும் போற மாதிரி ஒட்டி), இடுப்புல வந்ததும் இடுப்புக்கு மாத்தியிருக்கீங்க. அது வேண்டாமுங்க. குடம் தனியாவே இருக்கட்டும், ரெண்டு கையவும் ஐகேல (உள்ளங்கைய வச்சா முழங்கை தானா மடங்குற முறை) வச்சு குடத்த பிடிச்சுக்க வையுங்க, பிடிக்கிற ஃபிரேம்ல சைல்ட் ஆஃப் கன்ஸ்ட்ரெய்ண்ட் (கைய குடத்தோட ஒட்டி வைக்கிறது) இன்ஃப்ளுயன்ஸ பூஜ்யத்துல இருந்து ஒண்ணாக்கி அந்த கீய கான்ஸ்டன்ட்ல, அதாவது மெதுவா மாறாம சட்டுனு மாறுற மாதிரி போடுங்க. அப்ப குடத்தோட கர்வ் ஒண்ணே ஒண்ணு தான், அந்த ஒரு கர்வ்ல பாரம் தெரியுதா இல்லையான்னு தனியா பாக்கலாம்.

#8 யாழ்_முற்றம்

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட கதையை வாசிச்சு முடிச்சிட்டு கன நேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். நானும் வீட்டில இருந்து தான் பழகிறன், ஒரு சின்னக் கதை செய்யிறன், அம்மம்மா ஒராள் படலையடியில நிண்டு கதைக்கிறா. உடம்பு ஓரளவு வந்திட்டுது, வாய் தான் வருதில்லை. இணையத்தில கிடைக்கிற வாய்ச் சார்ட் எல்லாம் ஆங்கிலத்துக்குச் செய்தது. "அப்ப நான் வரட்டே" எண்டு ஒரு வசனம், அதைப் போட்டுப் பாத்தா டப்பிங் படம் மாதிரி கிடக்கு. தமிழுக்கு ஆரேன் செய்து பாத்திருக்கிறியளோ?

#9 நிலாமுற்றம்

இதுக்கு நான் பதில் சொல்றேன், ஒரு வருஷமா தமிழ் பாட்டு, கதை வீடியோவுக்கு லிப் சிங்க் மட்டுமே பண்ணிட்டு இருக்கேன், அதுனால பட்டு தெரிஞ்சுக்கிட்டது.

மொதல்ல ஒற்று. "அப்ப"ல ரெண்டு ப இருக்கு. ஒத்தை ப, ம வந்தா உதடு மூடி ரெண்டு ஃபிரேம் இருந்தா போதும், ப்ப, ம்ம வந்தா மூணு நாலு ஃபிரேம் மூடியே இருக்கணும். நான் ஆரம்பத்துல எல்லாத்துக்கும் ரெண்டு ஃபிரேம் குடுத்தேன், "அம்மா"ன்னு குழந்தை கூப்பிடுறது "அமா"ன்னு தெரிஞ்சுச்சு. அந்த ம்ம அழுத்துற நேரத்துல தான் கூப்பிடுற பாசமே இருக்கு. அப்புறம் ட்ட, ள, ழ, ண இதெல்லாம் நாக்கு உள்ள மடங்குறது, வெளிய ஒண்ணும் தெரியாது, அதுக்குன்னு ஒரு வாய் வடிவம் தேடாதீங்க, தாடைய லேசா குறுக்குனா போதும், பக்கத்துல என்ன உயிர் இருக்கோ அந்த வடிவத்துலயே விட்டுருங்க. வரட்டேல வ வருதே, ஆங்கில சார்ட்ல அதுக்கு மேல் பல்லு கீழ் உதட்ட கடிக்கிற மாதிரி இருக்கும், நம்ம அப்பிடி கடிக்க மாட்டோம், கீழ் உதடு பல்லுக்கு பக்கத்துல போயிட்டு வந்துரும். கடைசி டே தான் நீளம், அங்க வாய அகலமா நிறுத்தி மெதுவா விடுங்க. உதடு மூடுறது சத்தத்துக்கு ஒண்ணு ரெண்டு ஃபிரேம் முன்னாடி வரட்டும்.

எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது இன்னொண்ணு. எழுத்த பாத்து வாய் போடக்கூடாது, காதுல கேக்குறத பாத்து போடணும். "படம்"னு எழுதுறோம், கடைசில ம் இருக்கு, உதடு மூடணும்னு நான் மூடிட்டு இருந்தேன். எல்லாம் ரோபோ மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு சாதாரணமா "ஒரு படம் பாத்தேன்"னு பேசிப் பாத்தேன், ம்ல என் உதடு ஒட்டவே இல்ல, சத்தம் மூக்கு வழியா போயிருச்சு, வாய் திறந்தே இருக்கு. "வந்தான்"லயும் அப்பிடித்தான். இது எங்க பக்கத்து பேச்சு, உங்க ஊர்ப் பேச்சுல எப்பிடின்னு நீங்களே கண்ணாடில பாத்துக்கோங்க, அம்மம்மா பேசுறத வீடியோ எடுத்தா இன்னும் நல்லது.

#10 யாழ்_முற்றம்

நிலா அக்கா, கோடி நன்றி. கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாத்தன். நான் "படம்" எண்டு சொல்லேக்க சொண்டு வடிவா மூடுது! அம்மம்மாட்ட கேக்காமல் அவ ஃபோனில மாமியோட கதைக்கேக்க எடுத்தன், அவவுக்கும் மூடுது. அப்ப உங்கட வாயும் எங்கட வாயும் ஒண்டில்லை, என்ர கதைக்கு நான் தான் சார்ட் கீற வேணும். ப்ப விசயம் சரியா வேலை செய்யுது, நாலு ஃபிரேம் பிடிச்சன், இப்ப அவ உண்மையா "அப்ப" எண்டு தான் சொல்லுறா.

#11 பழைய_பென்சில்

ஒத்தைப்பனை, ஷாட் பாத்தேன். நிதானமா சொல்றேன், குறையா நினைக்காத.

கிளம்புறது பிரமாதம். அந்த ஏழு ஃபிரேம் வேல செய்யுது, தோள் இறங்குறது தெரியுது. ஆனா 96ஆவது ஃபிரேம்ல நிமிர்ந்து நின்னதுக்கு அப்புறம் 118 வரைக்கும் சிலையா நிக்கிறாங்க. ரெண்டே கீ, அதே போஸ். மூவிங் ஹோல்ட் வேணும், அதாவது நின்னாலும் உடம்பு லேசா அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். பதினஞ்சு கிலோ இடுப்புல இருக்கு, மனுஷன் அப்பிடி நிக்க முடியாது. இடுப்பு இன்னும் ஒரு விரக்கடை கீழ இறங்கணும், அதுக்கு மூணு ஃபிரேம் கழிச்சு நெஞ்சு, அதுக்கு ரெண்டு ஃபிரேம் கழிச்சு தலை, விரிஞ்ச இடது கை கடைசியா வந்து சேரணும். எல்லாம் ஒரே ஃபிரேம்ல வந்து நின்னா ஸ்க்ரூ வச்சு முடுக்குன மாதிரி இருக்கும். இடது கை விரல் நுனிக்கு மோஷன் பாத் (அது போற பாதைய கோடா காட்டுறது) போட்டு பாரு, 80ல ஒரு இடத்துல வளைவு உடையுது, அங்க கோணல் விழுது.

அப்புறம் கண்ணு. அவங்க எங்க பாக்குறாங்க? நீ கண்ண தொடவே இல்ல. தூக்குறதுக்கு முன்னாடி குடத்த பாப்பாங்க, தூக்கும்போது ஒண்ணையும் பாக்க மாட்டாங்க, இடுப்புல உக்காந்ததும் போற வழிய பாப்பாங்க. உன் வீடியோவ மறுபடி பாரு, இல்லன்னா என்னைய கேளு.

#12 ஒத்தைப்பனை

பென்சில் ஐயா, வீடியோவ பாத்தேன், நீங்க சொன்னபடியே தான் இருக்கு. தொடைல குடம் உக்காருற இடத்துல அம்மா கண்ண மூடியே இருக்காங்க. நாலு ஃபிரேம். எத்தனையோ தடவ ஓட்டிப் பாத்தேன், அது என் கண்ணுல படல. எல்லாத்தையும் திருத்திட்டேன், கண்ணு, மூவிங் ஹோல்ட், கை வளைவு. கோவை அண்ணே, ரொட்டேஷன் ஆர்டர மாத்தி கைய மறுபடி மொதல்ல இருந்து பண்ணேன், பல்டி போயிருச்சு.

ரூம்மேட்கிட்ட காட்டினேன். ஒண்ணும் சொல்லல. பாத்துட்டு "இந்த அக்காவுக்கு முதுகு வலிக்குமே"ன்னான்.

நேத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். அம்மா மூணு தடவ பாத்துட்டு ஃபோன் போட்டாங்க. என்னைய மாதிரியே இருக்குடா, ஆனா யாராவது அப்பிடியே குனிஞ்சு குடத்துல கை வைப்பாங்களா, முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிட்டு தான குனிவோம், இல்லன்னா குடத்துக்கு அடில மாட்டிக்காதா, அப்பிடின்னாங்க. வீடியோவ போய் பாத்தேன். நான் ரெக்கார்ட் பட்டன அழுத்துறதுக்கு முன்னாடியே சொருகிட்டாங்க போல, முதல் ஃபிரேம்லயே முந்தானை இடுப்புல இருக்கு. தூக்கப் போறோம்னு உடம்பு சொல்ற மொத இடமே அதான், நான் அதுக்கு அப்புறம் தான் கேமராவ ஆன் பண்ணியிருக்கேன்.

அதுனால ஷாட்டுக்கு முன்னாடி ஒரு முப்பது ஃபிரேம் சேக்கணும். கோவை அண்ணே, உங்க ரிக்ல முந்தானை உடம்போட ஒட்டி இருக்கு, தனியா அசையாது. ஒரு நாலு எலும்பு (bone) சேத்துக் குடுக்க முடியுமா?

#13 ரிக்கர்_கோவை

ஃபைல அனுப்புங்க கண்ணு. நாலு பத்தாது, சொருகுற நுனிக்கு தனியா கண்ட்ரோல் வேணும், ஆறு போட்டுக் குடுக்குறேன். எங்க வீட்டுல எப்பிடி சொருகுறாங்கன்னு மொதல்ல பாத்துட்டு வர்றேன்.